மல்லிகைக்கு விலை வைப்பது யார்? கம்யூனிசம் திரும்ப நான்கு வழிகள், ஓர் ஒப்பீடு

2025 ஏப்ரல் 2 முதல் 6 வரை மார்க்சிஸ்ட் கட்சியின் 24-ஆவது அகில இந்திய மாநாடு மதுரைத் தமுக்கத்தில் நடந்தது. இந்த ஊருக்கு அது புதிதல்ல. 1953 டிசம்பர் கடைசியில் தொடங்கி 1954 ஜனவரி வரை நீண்ட, பிளவுபடாத கட்சியின் 3-ஆவது மாநாடும் இங்கேதான். 1972-ல் மார்க்சிஸ்ட் கட்சியின் 9-ஆவது மாநாடும் இங்கேதான். மாநாட்டுப் பந்தலைப் பிரித்த பிறகும் டீக்கடையில் ஓடிக்கொண்டிருக்கும் கேள்வி ஒன்று: இந்தக் காலத்தில் கம்யூனிசம் மறுபடி வருமா, இல்லை இதெல்லாம் பழைய பாட்டா?

கேட்பவர்கள் எல்லோரும் பொழுதுபோகாமல் கேட்பதில்லை. மாணவர் அமைப்பில் சேரலாமா என்று யோசிக்கும் கல்லூரிப் பிள்ளை இருக்கிறார். சங்கம் கட்டுவதா, கூட்டுறவு தொடங்குவதா என்று தெரியாமல் நிற்கும் டெலிவரி பையன் இருக்கிறார். மாதாமாதம் சந்தா கட்டிக்கொண்டே, இது எங்கே போய்ச் சேரும் என்று நினைக்கும் ஓய்வுபெற்ற ஊழியர் இருக்கிறார். இவர்களுக்கு 'வரும்', 'வராது' என்ற ஒற்றைப் பதிலால் பயனில்லை. ஒரே பெயரில் நான்கு தனித்தனி ஏற்பாடுகள் உலவுகின்றன: அரசே எல்லாவற்றையும் திட்டமிடுவது (மாஸ்கோ வழி), கட்சி ஆட்சியின் கீழ் சந்தை (பெய்ஜிங் வழி), தேர்தலில் வென்று மாநிலத்தை ஆள்வது (திருவனந்தபுரம் வழி), தொழிலாளர் கூட்டுறவு (கேரளத்தின் கண்ணூர் வழி). ஒன்று செத்துவிட்டது என்பதால் மற்றதும் செத்ததாகாது. ஒன்று பிழைத்திருப்பதால் மற்றதும் பிழைக்கும் என்றும் இல்லை.

## முதலில் உரைகல்

நான்கையும் ஒரே மாதிரி உரசிப் பார்க்க ஐந்து கேள்விகள் போதும்.

1. எவ்வளவு உற்பத்தி, என்ன விலை என்பதை முடிவு செய்வது யார்? அதற்கான உண்மைத் தகவல் அவருக்கு எப்படி வந்து சேரும்?
2. இதைத் தோளில் சுமக்கப் போகிற கூட்டம் எது? அது இன்று எங்கே இருக்கிறது?
3. முதல், அதாவது மூலதனம், எங்கிருந்து வரும்? இருக்கிற பணம் ஊரைவிட்டு ஓடினால் என்ன செய்வது?
4. பொறுப்பில் உட்கார்ந்தவர் சரியில்லை என்றால் பதவியிலிருந்து இறக்க முடியுமா?
5. சாதி. இந்தக் கேள்வி மாஸ்கோவுக்கு இல்லை. மதுரைக்கு உண்டு.

இரண்டாவது கேள்வியைத்தான் பலரும் மறந்துவிடுகிறார்கள். 1946-ல் மதுரைச் சதி வழக்கில் சிறைக்குப் போன பி. ராமமூர்த்தி, என். சங்கரய்யா போன்ற கம்யூனிஸ்ட் தலைவர்கள் 1947 ஆகஸ்ட் 14 அன்று விடுதலையானார்கள். அவர்களுக்குப் பின்னால் பஞ்சாலைத் தொழிலாளர் கூட்டம் நின்றது. ஹார்வி மில்லில் ஷிப்ட் மாறும்போது ஆயிரக்கணக்கானோர் ஒரே கேட் வழியாக வெளியே வருவார்கள். கேட் மீட்டிங்கில் கால் மணி நேரம் பேசினால், பேச்சு அன்று ராத்திரியே பொன்னகரம், ஆரப்பாளையம், ஹார்விபட்டி என்று வீடு வீடாகப் போய்விடும். ஒரே சங்கு, ஒரே சம்பளத் தேதி. இன்று அந்தத் தொழிலாளியின் பேரன் ஜவுளிக்கடையில் எட்டுப் பேரில் ஒருவன். லேத் பட்டறையில் பதினைந்து பேரில் ஒருவன். அல்லது பைக்கில் ஒற்றை ஆள். அவர்களெல்லாம் சேர்ந்து வெளியே வரும் கேட் என்று எதுவும் இல்லை. தத்துவம் தோற்றதா ஜெயித்ததா என்பதற்கு முன்னால் இந்தக் கணக்கைப் பார்க்க வேண்டும்.

| | விலை | சுமக்கும் கூட்டம் | இறக்க முடியுமா | திரும்பும் வாய்ப்பு |
|---|---|---|---|---|
| மாஸ்கோ வழி | திட்டக் குழு | பெரிய ஆலைத் தொழிலாளர் | முடியாது | முழுதாக இல்லை. துண்டுகளாக ஏற்கெனவே இருக்கிறது |
| பெய்ஜிங் வழி | சந்தை, கட்சிக் கண்காணிப்பில் | கட்சியும் ராணுவமும் | முடியாது | இருக்கும் இடத்தில் இருக்கும், பரவாது |
| திருவனந்தபுரம் வழி | சந்தை, மாநில அரசின் தலையீட்டோடு | வாக்காளர், சங்கங்கள் | ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை | உண்டு. மாநில எல்லைக்குள் |
| கண்ணூர் வழி | சந்தை | உறுப்பினர் | உறுப்பினர் பேரவையில் முடியும் | உண்டு. சிறிய அளவில் |

ஆயுத வழி பட்டியலில் இல்லாததற்குக் காரணம் சுருக்கமானது. இந்திய மாவோயிஸ்ட் கட்சியின் பொதுச் செயலாளர் பசவராஜு 2025 மே மாதம் சத்தீஸ்கர் காட்டில் கொல்லப்பட்டபோது அந்த இயக்கம் ஏற்கெனவே சில மாவட்டங்களுக்குள் சுருங்கியிருந்தது. நேபாளத்தில் 1996 முதல் 2006 வரை ஆயுதம் ஏந்தியவர்கள் மன்னராட்சி ஒழிய வழிசெய்தார்கள். 2008-ல் பிரசண்டா பிரதமரும் ஆனார். அதன்பின் கம்யூனிஸ்ட் கட்சிகளும் நேபாளி காங்கிரசும் மாறி மாறி நாற்காலியில் உட்கார்ந்தன. 2025 செப்டம்பரில் இளைஞர்கள் தெருவில் இறங்கி விரட்டியது கம்யூனிஸ்ட் பிரதமர் கே.பி. சர்மா ஒலியைத்தான். துப்பாக்கி மன்னரை இறக்க உதவியது. மறுநாள் காலையில் அரிசி விலை என்ன என்பதற்கு அதனிடம் பதில் இல்லை.

## மாஸ்கோ வழி: அரசே முதலாளி, திட்டமே சந்தை

சோவியத்தில் திட்டக் குழு 1921-ல் அமைந்தது. முதல் ஐந்தாண்டுத் திட்டம் 1928-ல் தொடங்கியது. எந்த ஆலை எவ்வளவு எஃகு வாங்கும், எவ்வளவு டிராக்டர் கொடுக்கும், கடையில் என்ன விலை என்பதெல்லாம் மேலிருந்து வரும். இது மதுரையில் எப்படி ஓடும் என்று பார்க்க மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டை விட நல்ல சோதனைக்கூடம் கிடையாது.

மல்லிகையை மொட்டாகவே பறிக்க வேண்டும். விடிவதற்கு முன் உசிலம்பட்டி, திருமங்கலம் பக்கத் தோட்டங்களில் பறிப்பு தொடங்கும். மார்க்கெட்டுக்கு வந்த மொட்டு அன்று மாலைக்கு மேல் மொட்டாக நிற்காது. மார்ச் முதல் ஜூன் வரை வரத்து குவியும். விலை சில நூறுகளில் தவழும். மிஞ்சியது சென்ட் ஃபேக்டரிக்குப் போகும். மார்கழிப் பனியில் செடி மொட்டு விடாது. அந்த நேரம் பார்த்து பொங்கலோ தை முகூர்த்தமோ வந்தால் கிலோ ஆயிரங்களில் நிற்கும். காலை ஐந்து மணி விலை ஒன்பது மணிக்கு இருக்காது.

இப்போது திட்டக் குழு ஒன்று கிலோவுக்கு 500 ரூபாய் என்று வருடம் முழுக்க ஒரே விலை வைக்கிறது என்று வையுங்கள். பங்குனியில் அந்த விலைக்கு வாங்க ஆள் இருக்காது; பூ அழுகும். தை மாதம் அந்த விலைக்கு விற்கத் தோட்டக்காரர் வரமாட்டார். பூ கவுண்டருக்குப் பின்னால் போகும். கடைக்காரருக்குத் தெரிந்தவர் வீட்டுக் கல்யாணத்துக்கு மட்டும் கிடைக்கும். எத்தனை முகூர்த்தம், எந்த ஊரில் எவ்வளவு பனி, விமானத்தில் எவ்வளவு இடம் என்ற அத்தனை சேதியும் காலை ஏலத்தில் ஒரு எண்ணாகச் சுருங்கி வருகிறது. அந்த எண்ணை நிறுத்திவிட்டால் அத்தனை சேதியையும் யாராவது கையால் சேகரிக்க வேண்டும்.

சோவியத்தில் இறைச்சிக்கு இதுதான் நடந்தது. உற்பத்திச் செலவுக்குக் கீழே விலை. 1962 ஜூன் 1 அன்று இறைச்சி விலையைச் சுமார் 30 சதவீதமும் வெண்ணெய் விலையைச் சுமார் 25 சதவீதமும் ஏற்றினார்கள். நோவோசெர்காஸ்க் ரயில் இன்ஜின் ஆலைத் தொழிலாளர்கள் வேலையை நிறுத்தி ஊர்வலம் போனார்கள். தொழிலாளர் அரசு தொழிலாளர் மீது சுட்டது. 26 பேர் இறந்தார்கள். அதன்பிறகு நெடுங்காலம் அந்த விலையைத் தொட எந்தத் தலைவருக்கும் துணிச்சல் வரவில்லை. மானியம் வீங்கியது, க்யூ நீண்டது. க்யூவில் நிற்கும் நேரமும் விலைதான். கணக்குப் புத்தகத்தில் மட்டும் ஏறாது.

ஆனால் இதே வழி நெல்லில் ஓரளவு ஓடுகிறது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் விலை முன்கூட்டியே அறிவிக்கப்படுகிறது. 40 கிலோ சிப்பம். ஈரப்பதம் 17 சதவீதத்துக்குள். அந்த நெல் அரிசியாகி ரேஷன் கடைக்கு வருகிறது. 1997-ல் நாடு முழுக்க வறுமைக்கோடு பார்த்து ரேஷன் கொடுக்கும் முறை வந்தபோது தமிழ்நாடு எல்லோருக்குமான ரேஷனை விடவில்லை. 2011 ஜூன் முதல் அரிசி இலவசம். சந்தையைச் சாராமல் அரசு கொள்முதல் செய்து, சேமித்து, பங்கிட்டுக் கொடுப்பதற்கு வேறு என்ன பெயர் வேண்டுமானாலும் வைக்கலாம், வேலை அதுதான்.

நெல்லில் ஓடுவது மல்லியில் ஏன் ஓடாது? நெல் மாதக்கணக்கில் கெடாது. ரகங்கள் குறைவு. ஒரு வீட்டுக்கு மாதம் எவ்வளவு வேண்டும் என்பது ஏறக்குறைய மாறாது. கெடாத, ஒரே மாதிரியான, தேவை மெதுவாக மாறுகிற பொருளுக்கு அரசுத் திட்டம் பொருந்தும்: அரிசி, உப்பு, மின்சாரம், தடுப்பூசி. வாடுகிற பொருளுக்கும் ருசி மாறுகிற பொருளுக்கும் பொருந்தாது. கம்யூனிசமா சந்தையா என்ற பட்டிமன்றத்தில் பாதி நேரம் இந்தப் பிரிவினையைச் செய்யாததால்தான் வீணாகிறது.

நெல்லிலும் மறைசெலவு இல்லாமல் இல்லை. வாங்குகிற இடம் ஒன்றே என்றால் வாங்குகிறவர் கை ஓங்கும். ஈரம் 18 என்று மீட்டர் காட்டினால் திருப்பி அனுப்பலாம். காட்டாவிட்டாலும் காக்க வைக்கலாம். மூட்டைக்கு இவ்வளவு என்று கைமாறும் பேச்சு அங்கேதான் பிறக்கிறது. மழை வந்தால் திறந்த வெளியில் கிடக்கும் மூட்டை முளைவிடும். நஷ்டம் யாருடைய சம்பளத்திலும் பிடிக்கப்படாது.

"அன்று கணக்குப் போட ஆளில்லை, இன்று கம்ப்யூட்டர் இருக்கிறதே" என்பார்கள். நல்ல வாதம். சோவியத் கணித மேதை காண்டரோவிச் 1939-லேயே இருக்கும் வளத்தைச் சிறப்பாகப் பங்கிடும் கணித முறையை எழுதினார். 1975-ல் நோபல் பரிசும் பெற்றார். சிலியில் சோசலிஸ்ட் அலெண்டே அரசு 1971 முதல் 1973 வரை எழுத்துச் செய்தி அனுப்பும் டெலக்ஸ் கருவிகளால் ஆலைகளை இணைத்து தினசரி உற்பத்தியைக் கண்காணிக்க முயன்றது; 1972 லாரி வேலைநிறுத்தத்தைச் சமாளிக்க அது கைகொடுத்தது. ஆக, கணக்குப் போடுவது பெரிய சிக்கலில்லை. கணக்குக்குள் போகும் எண் உண்மையா என்பதுதான் சிக்கல். ஆலை மேனேஜருக்கு இந்த வருட இலக்கு 100, அவரால் 130 முடியும் என்று வைத்துக்கொள்ளுங்கள். 130 செய்துகாட்டினால் அடுத்த வருடம் 130-ஐத் தலையில் கட்டிவிடுவார்கள். அதனால் 102-ல் நிறுத்துவார். கச்சாப்பொருளை இரண்டு மடங்கு கேட்டுப் பதுக்குவார். பொய்யை வேகமாகக் கூட்டிக் கழிக்கும் எந்திரம் பொய்யைத்தான் வேகமாகக் கொடுக்கும்.

இது சிறந்த தேர்வாக இருக்கும் சூழல் உண்டு: போர், வெள்ளம், கொள்ளைநோய். என்ன வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரிந்த, நாள் எண்ணி முடிகிற வேலை. 1928-க்குப் பின் சோவியத்தைத் தொழில் நாடாக்கியதும் இதே முறைதான். 1932-33 பஞ்சத்தில் பல பத்து லட்சம் விவசாயக் குடும்பத்தினர் சாவதற்குக் காரணமானதும் இதே முறைதான். இரண்டையும் ஒரே பேரேட்டில் எழுத வேண்டும்.

## பெய்ஜிங் வழி: கொடி சிவப்பு, கடை தனியார்

1978-ல் சீனாவின் சியாவ்காங் கிராமத்தில் 18 விவசாயிகள் கூட்டுப் பண்ணை நிலத்தை வீட்டுவாரியாகப் பிரித்துக்கொண்டு ரகசியமாகக் கைநாட்டு வைத்தார்கள். விளைச்சல் ஏறியது, கட்சி தண்டிக்காமல் அதையே கொள்கையாக்கியது. வியட்நாம் 1986-ல் 'தொய் மொய்' என்று அதே பாதைக்கு வந்தது. இன்று சீனக் கட்சியில் சுமார் 10 கோடி உறுப்பினர்கள்.

இதைக் காட்டி "பாருங்கள், கம்யூனிசம் ஜெயித்துவிட்டது" என்று சொல்பவர்கள் ஒரு விஷயத்தைப் பார்க்க வேண்டும். சீன அரசியல் சட்டத்தில் இருந்த வேலைநிறுத்த உரிமை 1982-ல் எடுக்கப்பட்டது. தனிச் சங்கம் கட்ட முடியாது. கட்சியின் கீழுள்ள ஒரே சம்மேளனம்தான். ஸ்ரீபெரும்புதூர் சாம்சங் ஆலையில் 2024-ல் மார்க்சிஸ்ட் கட்சி சார்ந்த தொழிற்சங்கமான சிஐடியு தலைமையில் 37 நாள் வேலைநிறுத்தம் செய்து, 2025 ஜனவரியில் சங்கத்தைப் பதிவும் செய்தார்கள். செங்கொடிச் சங்கம் தனியாக நின்று போராடச் செங்கொடி நாட்டில் இடமில்லை, இங்கே இருக்கிறது. கிராமத்திலிருந்து நகரத்துக்கு வேலைக்கு வந்தவருக்குக் குடும்பப் பதிவு சொந்த ஊரில் இருப்பதால் நகரத்துப் பள்ளியில் பிள்ளையைச் சேர்ப்பது பாடு. இது இன்னொரு மறைசெலவு.

இங்கே வருமா? இன்று கம்யூனிஸ்ட் கட்சி தனியாக ஆளும் நாடுகள் ஐந்து: சீனா, வியட்நாம், லாவோஸ், கியூபா, வடகொரியா. கடைசியாக வந்த லாவோஸ் 1975. ஐந்திலும் போரோ புரட்சியோ பழைய அரசைத் துடைத்துப் போட்ட பிறகுதான் கட்சி உட்கார்ந்தது. தேர்தல் ஓடிக்கொண்டிருக்கும் நாட்டில் இது முளைத்ததில்லை. வறுமையை வேகமாகக் குறைப்பது மட்டுமே அளவுகோல் என்றால் இதற்கு மார்க் அதிகம். நான்காவது கேள்வியில் பூஜ்யம். தேர்வு செய்பவர் எந்தக் கேள்விக்கு எடை அதிகம் கொடுக்கிறார் என்பதைப் பொறுத்தது.

## திருவனந்தபுரம் வழி: ஓட்டுப்பெட்டி

1957 ஏப்ரல் 5 அன்று கம்யூனிஸ்ட் தலைவர் ஈ.எம்.எஸ். நம்பூதிரிபாட் கேரள முதல்வரானார். 1959 ஜூலை 31 அன்று அரசியல் சட்டத்தின் 356-ஆவது பிரிவைப் பயன்படுத்தி நேரு அரசு அவரது ஆட்சியைக் கலைத்தது. இந்த வழியின் பலமும் பலவீனமும் அந்த இரண்டு தேதிகளுக்குள் இருக்கிறது. மாநிலத்தில் ஆளும் கம்யூனிஸ்ட் கட்சி வாடகை வீட்டுக்காரர் மாதிரி: வெள்ளையடிக்கலாம், சுவரை இடிக்க முடியாது. நிலம், உள்ளாட்சி, பள்ளி, ஆஸ்பத்திரி கையில் உண்டு. நோட்டு அச்சடிப்பது, வங்கி, சுங்கம் கையில் இல்லை. 2017-ல் ஜிஎஸ்டி வந்தபின் விற்பனை வரியும் பெரும்பாலும் போயிற்று. மத்திய அரசுக்குக் கடன் பாக்கி வைத்திருக்கும் மாநிலம் புதுக் கடன் வாங்க அரசியல் சட்டத்தின் 293-ஆவது பிரிவுப்படி அதனிடமே அனுமதி கேட்க வேண்டும்.

அந்த எல்லைக்குள் செய்தது சிறிதல்ல. 1970 ஜனவரி 1 முதல் கேரளத்தில் குத்தகை முறை ஒழிந்தது. பிறர் நிலத்தில் குடிசை போட்டிருந்தவருக்கு ஊராட்சியில் 10 சென்ட், நகராட்சியில் 5, மாநகராட்சியில் 3 சென்ட் வரை சொந்தமாயிற்று. மேற்கு வங்கத்தில் 1978 முதல் சுமார் 14 லட்சம் வாரக்காரர்களின் பெயர் பதிவேட்டில் ஏறியது. விதையும் உழவும் வாரக்காரருடையது என்றால் விளைச்சலில் முக்கால் பங்கு அவருக்கு. தமிழ்நாட்டில் 1961 சட்டம் ஒரு குடும்பத்துக்கு நில உச்சவரம்பு 30 ஸ்டாண்டர்டு ஏக்கர் என்றது, 1970-ல் 15 ஆகக் குறைந்தது. பினாமியும் விலக்கும் பாதியை விழுங்கிவிட்டன.

பிறகு என்ன கெட்டது? நிலம் கொடுத்து முடித்தபின் அடுத்த தலைமுறைக்கு வேலை வேண்டும். வேலைக்கு முதல் வேண்டும். முதல் குஜராத்துக்கும் போகலாம், தமிழ்நாட்டுக்கும் போகலாம். மூன்றாவது கேள்வி கழுத்தைப் பிடித்தது. மேற்கு வங்கத்தின் சிங்கூரில் கார் ஆலைக்கு நிலம் எடுத்தார்கள். நிலம் எடுப்பை எதிர்த்த நந்திகிராமில் 2007 மார்ச் 14 போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் 14 பேர் இறந்தார்கள். நிலம் கொடுத்து வந்த கட்சி நிலம் பிடுங்கும் கட்சியாகப் பெயர் வாங்கி, 34 ஆண்டு ஆட்சியை 2011-ல் இழந்தது. 2021 சட்டமன்றத் தேர்தலில் இடதுசாரிகளுக்கு ஓர் இடம்கூட இல்லை.

கேரளத்தின் கணக்கு வேறு. 1996-ல் மாநிலத் திட்ட நிதியில் 35 முதல் 40 சதவீதத்தை உள்ளாட்சிகளுக்கே பிரித்துக் கொடுத்தார்கள். அதற்கு மேல் வளைகுடாப் பணம் வந்தது. 64,006 குடும்பங்களைப் பெயர் குறித்துக் கண்டறிந்து, 2025 நவம்பர் 1 அன்று அதீத வறுமை இல்லாத மாநிலம் என்று அரசு அறிவித்தது. அளவுகோல் பற்றிச் சர்ச்சை உண்டு. பெயர்ப் பட்டியல் போட்டுத் தேடிய வேலைமுறை எந்த மாநிலமும் காப்பியடிக்கத் தக்கது.

மதுரைக்கு வருவோம். 1957-ல் கே.டி.கே. தங்கமணி, 1967-ல் பி. ராமமூர்த்தி, 1999-லும் 2004-லும் பொ. மோகன், 2019-லும் 2024-லும் சு. வெங்கடேசன் என்று இந்தத் தொகுதி கம்யூனிஸ்டுகளை நாடாளுமன்றத்துக்கு அனுப்பியிருக்கிறது. 2024-ல் மார்க்சிஸ்ட் கட்சி நாடு முழுக்க வென்றது 4. அதில் 2 தமிழ்நாட்டில். இந்திய கம்யூனிஸ்ட் கட்சி வென்ற இரண்டும் தமிழ்நாட்டில். தமிழ்நாட்டின் இந்த நான்கும் திமுக கூட்டணியில். ஆக இங்கே இந்த வழியின் மறைசெலவு கூட்டணிக் கணக்கு: சீட் எத்தனை, எந்தத் தொகுதி என்பதை முடிவு செய்வது இன்னொரு கட்சி. அதற்காக வாய் கட்டிப்போய்விட்டது என்று சொல்வதும் நியாயமில்லை. 2023 ஏப்ரல் 21 அன்று 12 மணி நேர வேலைக்கு வழிவிடும் மசோதா சட்டமன்றத்தில் நிறைவேறியது. கூட்டணிக்குள் இருந்தே இடதுசாரிகள் எதிர்த்தார்கள், சங்கங்கள் போராட்டம் அறிவித்தன. மூன்று நாளில் நிறுத்திவைத்து, மே தினத்தன்று திரும்பப் பெற்றார்கள். நாலைந்து இடங்களை வைத்துக்கொண்டு இந்த அளவுக்குத்தான் செய்ய முடியும். இந்த அளவுக்குச் செய்ய முடிகிறது.

ஐந்தாவது கேள்வி இங்கேதான் கூர்மையாகக் குத்துகிறது. கேரள நிலச் சீர்திருத்தத்தில் குத்தகைதாரருக்கு வயல் கிடைத்தது. வயலில் கூலி வேலை செய்த தலித்துக்குக் குடிசைமனை கிடைத்தது. தோட்டங்களுக்கு விலக்கு. வர்க்கம் பார்த்து எழுதிய சட்டம் சாதி பார்த்து விளைந்தது. மதுரை மாவட்டம் உத்தபுரத்தில் 1989 கலவரத்துக்குப் பின் தலித் தெருவை மறித்து எழுந்த சுவரின் ஒரு பகுதி 2008 மே 6 அன்று இடிக்கப்பட்டது. அதற்காகக் களத்தில் நின்றது மார்க்சிஸ்ட் கட்சி ஆதரவு பெற்ற தீண்டாமை ஒழிப்பு முன்னணி. சுவர் இடிந்ததும் ஆதிக்கச் சாதியினர் குடும்பம் குடும்பமாக ஊரைவிட்டு மலையடிவாரத்தில் போய் உட்கார்ந்தார்கள்; அவர்களிலும் பலர் சிறு விவசாயிகள், கூலிகள். கூலி உயர்வுக்கு ஒன்றாகக் கோஷம் போடுகிறவர்கள் தெரு விஷயத்தில் இரண்டாக நிற்பார்கள் என்பதைக் கணக்கில் எடுக்காத எந்தத் திட்டமும் இந்த மாவட்டத்தில் பத்து கிலோமீட்டர் தாண்டாது.

நகர அளவில் ஒரு வெளிநாட்டு உதாரணம்: ஆஸ்திரியாவின் இரண்டாவது பெரிய நகரமான கிராஸில் 2021-ல் கம்யூனிஸ்ட் கட்சி சுமார் 29 சதவீத வாக்கோடு முதலிடம் பிடித்து மேயர் பதவிக்கு வந்தது. பல ஆண்டுகளாக வாடகைத் தகராறுகளில் குடியிருப்போருக்கு உதவி, பதவிச் சம்பளத்தில் பெரும் பகுதியைக் கஷ்டப்படுகிறவர்களுக்குக் கொடுத்து வந்த கட்சி அது. பணக்கார நாட்டில்கூட இப்படி ஒரு வாசல் திறக்கிறது.

## கண்ணூர் வழி: தொழிலாளியே பங்குதாரர்

1966 பீடித் தொழிலாளர் சட்டத்தைக் கேரளம் அமல்படுத்த முனைந்தபோது மங்களூர் முதலாளிகள் கண்ணூர்ப் பகுதியில் கடையைக் கட்டினார்கள். சுமார் 12,000 பேருக்கு வேலை போயிற்று. 1969-ல் தினேஷ் பீடி கூட்டுறவு பிறந்தது. பின்னாளில் 40,000-க்கும் மேற்பட்டோருக்கு வேலை கொடுத்தது. பீடி குறைந்தபோது குடை, உணவுப் பொருள், மென்பொருள் என்று திரும்பியது. பழைய அளவு திரும்பவில்லை. ஸ்பெயினின் மோண்ட்ராகன் 1956-ல் தொடங்கி இன்று சுமார் 70,000 பேர் வேலை செய்யும் கூட்டமைப்பு. மேலதிகாரிக்கும் கடைநிலைக்கும் சம்பள வித்தியாசம் பெரும்பாலும் ஆறு மடங்குக்குள். அதன் ஃபாகோர் வீட்டுச்சாதன நிறுவனம் 2013-ல் திவாலானது. உறுப்பினர்களில் பலரை மற்ற கூட்டுறவுகள் எடுத்துக்கொண்டன. வெளிநாட்டு ஆலைகளில் வேலை பார்த்தவர்கள் உறுப்பினர்களே அல்ல, கூலிக்காரர்கள். அவர்களுக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. கூட்டுறவும் வெளியாளுக்கு முதலாளிதான்.

மல்லி விவசாயிகள் கூட்டு வைக்க நினைத்தால் உற்பத்தியாளர் நிறுவனம் எளிய வடிவம்: குறைந்தது 10 உற்பத்தியாளர்கள், 5 முதல் 15 இயக்குநர்கள், பங்கு எத்தனை இருந்தாலும் ஆளுக்கு ஒரு ஓட்டு, லாபத்தை எவ்வளவு சரக்கு கொடுத்தார் என்பதை வைத்துப் பிரிப்பது. பதிவு செய்வது கஷ்டமில்லை. உடைவது வேறு இடத்தில். கமிஷன் கடைக்காரர் பூ மட்டும் வாங்குவதில்லை. கல்யாணத்துக்கும் ஆஸ்பத்திரிக்கும் முன்பணம் கொடுக்கிறார். வாங்கியவர் அந்தக் கடைக்குத்தான் பூ போட வேண்டும். 100 பேர் ஆளுக்கு 20,000 ரூபாய் பாக்கி என்றால் 20 லட்சம். அந்த 20 லட்சத்தைத் தீர்க்கச் சுழல்நிதி இல்லாத கூட்டுக்கு முதல் நாளே பூ வராது. வந்தாலும் முகூர்த்த நாளில் வெளிக் கடை கிலோவுக்கு 50 ரூபாய் கூடக் கொடுத்தால் உறுப்பினர் அங்கே போவார். வேன் வாடகையும் கணக்கர் சம்பளமும் கூட்டின் தலையில் நிற்கும். அதனால் இத்தனை சதவீதச் சரக்கு கூட்டுக்கே என்று முன்பே எழுதி, மீறினால் போனஸில் பிடிப்பது என்று பேரவையில் தீர்மானம் போட்ட பிறகே வேன் எடுக்க வேண்டும்.

அரசு சார்ந்த கூட்டுறவில் நோய் வேறு. 2018-ல் வந்த நிர்வாகக் குழுக்களின் காலம் 2023-ல் முடிந்தபின் தமிழகக் கூட்டுறவுச் சங்கங்கள் தனி அலுவலர் கைக்குப் போயின. தேர்தல் இல்லாத கூட்டுறவு இன்னொரு அரசு அலுவலகம்.

## யாருக்கு எது

ஆலையில் நூறு பேருக்கு மேல் வேலை பார்ப்பவருக்குக் கூட்டுறவு யோசனை இப்போது வேண்டாம், சங்கம்தான். 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த தொழில் உறவுச் சட்டத்தொகுப்பின்படி பதிவுக்கு 10 சதவீதம் அல்லது 100 பேர், எது குறைவோ அது. ஆனால் ஏழுக்குக் குறையக் கூடாது. ஒன்றுக்கு மேற்பட்ட சங்கம் இருக்கும் ஆலையில் பேச்சுவார்த்தைக்குத் தனியாக உட்கார 51 சதவீதம் வேண்டும். வேலைநிறுத்தத்துக்கு 14 நாள் முன்னறிவிப்பு. இந்த எண்கள் தெரியாமல் கோஷம் போட்டால் நிர்வாகத்துக்குத்தான் வசதி.

டெலிவரி ஓட்டுபவருக்கு இரண்டும் அரைகுறை. சொந்த ஆப் கூட்டுறவு வைக்க, ஆர்டர் வரும் அளவுக்கு விளம்பரச் செலவு செய்ய முதல் வேண்டும். கேரள அரசே 2022-ல் தொடங்கிய 'கேரள சவாரி' டாக்ஸி-ஆட்டோ ஆப் தடுமாறியது. 2023 டிசம்பரில் தமிழ்நாடு அமைத்த நலவாரியத்தில் பதிவதும், ஒரே ஏரியாக்காரர்கள் குழுவாகச் சேர்ந்து ரேட் கார்டு (டெலிவரிக்கு இவ்வளவு என்ற கூலிப் பட்டியல்) குறைப்பைத் தேதியோடு எழுதி வைப்பதும் இன்று கையில் இருப்பவை. பின்னாளில் சங்கம் வழக்குப் போட்டால் அந்த நோட்டுதான் சாட்சி.

கல்லூரிப் பிள்ளைக்கு மூன்றாவது வழி பொருந்தும், நாடே மாறும் என்ற நினைப்பு இல்லாமல் போனால். நான்காவது வழிக்குப் போகிறவர் பங்குத்தொகை கட்டுமுன் சங்கச் செயலாளரிடம் மூன்று விஷயங்களை எழுத்தில் கேட்க வேண்டும்: கடைசியாகத் தணிக்கை முடிந்தது எந்த ஆண்டுக்கு, கடைசியாகத் தேர்தல் நடந்தது எப்போது, உறுப்பினர்கள் போன வருடம் மொத்தச் சரக்கில் எத்தனை சதவீதத்தைச் சங்கத்துக்கே கொடுத்தார்கள். முதல் இரண்டுக்குப் பதில் இல்லையென்றால் கட்டக் கூடாது. மூன்றாவதன் பதில் பாதிக்குக் கீழே என்றால், காரணம் முன்பணமா விலையா என்று உறுப்பினர்களிடமே விசாரித்த பிறகு கட்டலாம்.